கண்ணீர் ததும்பலாம், வழியக் கூடாது

சிறுமியின் கண்ணில் நீர் ததும்ப வேண்டும், வழியக் கூடாது. வழிந்தால் பணம் போடுகிறவருக்கு மனசு கனத்து, அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவார். சட்டை கிழிந்திருக்கலாம், மூக்கு ஒழுகக் கூடாது. அம்மா பின்னால் மங்கலாக நிற்கட்டும். அப்பா வேண்டவே வேண்டாம். அவரைப் பார்த்தால் 'இவனுக்கென்ன கேடு, உழைக்கட்டுமே' என்று தோன்றிவிடும்.

தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டுவது எப்படி என்று நட்சத்திர ஓட்டல்களில் இப்படித்தான் பாடம் நடக்கிறது. ஏ.சி. அறையில் பசியை அலசிவிட்டு, ஒரு மணிக்கு பஃபே வரிசையில் நிற்கிறார்கள். சேவைக்கும் மார்க்கெட்டிங் தெரிந்திருக்க வேண்டுமாம். தெரியட்டும். விற்பனைக்கு வந்திருப்பது யார் என்பதையும் சொல்லிவிட்டால் நல்லது.

நாகப்பட்டினத்தைக் கேட்டால் சொல்லும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஊர் ஊராகப் பரணைக் காலி செய்து அனுப்பிய பழந்துணி அங்கே சாலையோரம் மலையாய்க் கிடந்தது. உடுத்தத் தகுந்ததை மட்டும் கொடுக்க வேண்டும் என்ற இங்கிதம்கூட இல்லை. அப்புறம் ஃபைபர் படகுகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன, கடல் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. படகு என்றால் பக்கவாட்டில் கொடையாளர் பெயரைப் பெரிதாக எழுதலாம். கூடை சுமந்து மீன் விற்கிற பெண்ணின் கந்துவட்டிக் கடன்மேல் எந்த லோகோவை ஒட்டுவது? உப்பளத்திலும் வயலிலும் கூலி இழந்த தலித் குடும்பங்கள் கேமராவுக்குக் கடல் தெரியாத இடத்தில் இருந்து தொலைத்தார்கள்.

2013 கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. நல்ல சட்டம். பிப்ரவரி வரை யாருக்கும் ஞாபகம் வராத சமூகம், மார்ச்சில் திடீரென்று அவசரமாகிவிடுகிறது.

2020-இல் திருத்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இன்னும் கறார். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்ததை 20 ஆக்கியது. பெரிய அமைப்பு வாங்கிய பணத்தைக் கிராமத்துச் சிறு அமைப்போடு பகிரக் கூடாது என்றது. வேதாரண்யத்தில் வேலை செய்தாலும், அந்தப் பணத்தை வாங்க டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் கணக்குத் திறக்க வேண்டும் என்றது. எல்லாம் வெளிப்படைத்தன்மைக்காகவாம். அதே ஆண்டு பிறந்த பி.எம். கேர்ஸ் நிதிக்கோ அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு. விவரம் கேட்டால், தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் பொது அமைப்பு அல்ல என்று பதில். கம்பெனிகளின் 2 சதவீதமும் தாராளமாக அங்கே போகலாம். ஒழுகுகிற ஓட்டு வீட்டில் வவுச்சர் ஒட்டும் கணக்குப்பிள்ளைக்குத்தான் உச்சவரம்பு.

இந்த மார்க்கெட்டிங்கும் சட்டமும் எல்லாம் கடைசியில் யார் தலையில் விடிகிறது? பழைய ஸ்கூட்டியில் சுற்றும் களப்பணியாளர் பெண்ணின் தலையில். போன இன்ஸ்டால்மென்ட் வராததால் அவளுக்குச் சம்பள பாக்கி. அறிக்கை மட்டும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சாகிவிடும். தையல் பயிற்சி முடித்த பெண்களை அவள் வெயிலில் வரிசையாக நிறுத்துகிறாள். "அக்கா, பேனரச் சுருக்கமில்லாமப் பிடிங்க. கம்பெனி பேரு மறையுது பாருங்க." படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை விழ வேண்டும். முதல் படத்தில் விழவில்லை, இன்னொன்று. நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால் அன்றைக்குக் கூலியாவது கிடைத்திருக்கும். கற்றுக்கொண்ட தையலுக்கு மெஷின் எப்போது வரும் என்பது இந்தப் புராஜெக்டில் இல்லை. அது அடுத்த ஃபேஸ்.

"ஏம்மா, இந்தப் போட்டோ என்ன வெலைக்குப் போகும்?" என்று வரிசையில் ஒருத்தி கேட்டால், பயந்துவிட வேண்டாம். 'பயனாளிகளின் கருத்து' என்று ஒரு பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. படத்தோடு போட்டுவிடலாம்.