சர்ச்சுக்குப் புறப்பட்ட இரண்டு பெட்டிகள்

டாங்கோவுக்கும் ராஜபாளையத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் இல்லை. காற்றை அமுக்கி, உலோக நாக்கை அதிரவைத்து, விடிய விடிய ஊரைத் தூங்கவிடாமல் அடிக்கிற பெட்டி ஒன்று அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. இரண்டுமே சர்ச்சுக்கென்று கிளம்பி வழிதவறியவை.

முதல் பெட்டி ஜெர்மனிக்காரன். கிரேஃபெல்ட் என்ற ஊரில் 1840களில் வாத்தியக் கடை வைத்திருந்தவர் ஹைன்ரிஷ் பாண்ட். பைப் ஆர்கன் வாங்க வக்கில்லாத சின்னச் சபைகள் ஆண்டவரைத் துதிக்கட்டும் என்றுதான் அவர் அதை விற்றார் என்பார்கள். கடைக்காரர் பெயரே பெட்டிக்கும் ஒட்டிக்கொண்டு பாண்டோனியன் ஆயிற்று. துருத்தியை விரித்தால் ஒரு ஸ்வரம், மூடினால் அதே பொத்தானில் வேறு ஸ்வரம். இப்படி ஒரு வாத்தியத்தைப் படைத்தவருக்கு மனிதர்கள் மேல் என்ன கோபமோ! கப்பலேறி அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் போன பெட்டி, சர்ச் இருக்கும் தெருவைக் கேட்டு விசாரிக்கவே இல்லை. நேராகச் சாராயக் கடைக்குப் போனது. அங்கிருந்து, கௌரவமான குடும்பஸ்தர்கள் பகலில் கண்டுகொள்ளாத வீடுகளுக்கும் போய், டாங்கோ ஆட்டத்தின் பெட்டியாகிவிட்டது.

இரண்டாவது பெட்டி பிரெஞ்சுக்காரன். அலெக்சாந்தர் தெபேன் 1842-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய ஆர்மோனியம். இதுவும் பாதிரிமாரோடு பக்தியாகத்தான் இந்தியா வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதன் காலை வெட்டி, கையால் துருத்தி போடும்படி செய்ததில், சம்மணம் போட்டு உட்கார்கிற தேசம் பிழைத்தது. நம் நாடகக்காரர்கள் மட்டும் கால் பெட்டியை விடவில்லை. இரண்டு கையும் கட்டையில் ஓட வேண்டுமே, துருத்திக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சன்னிதியில் இந்தப் பெட்டிக்கு வேலை கிடைக்கவில்லை. அங்கே அரையர்கள் கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாகப் பாசுரம் பாடி அபிநயம் பிடித்து வந்தார்கள். பாரிஸ் சரக்கு இல்லாமல் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பதினோரு நிலைக் கோபுரத்தின் நிழலைத் தாண்டி வெளியே வந்து, ராஜபாளையம் முதலான சுற்றுப்பட்டி ஊர்களின் மாரியம்மன் பொங்கல் கொட்டகையில் போய் உட்கார்ந்தது பெட்டி. ஆக, புவனோஸ் ஐரிஸ்காரன் சாராயக் கடையில், நம்மாள் பொங்கல் கொட்டகையில். பக்தியில் நம்மாள் ஒரு படி மேல்.

கொட்டகையில் நடந்தது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்துவிட்டுப் போன ‘வள்ளி திருமணம்’தான் பெரும்பாலும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஆளாளுக்குத் தனித்தனியாக முன்பணம் கொடுத்துப் பேசி வருவார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. தினைப்புனத்தில் முருகனும் வள்ளியும் முதன்முதலாகச் சந்திப்பது அத்தனை தத்ரூபமாக இருக்கிறதே என்று ஜனங்கள் மெச்சுவார்கள். சில ராத்திரிகளில் உண்மையிலேயே அதுதான் முதல் சந்திப்பு! இந்தக் கூட்டத்தை விடியும்வரை கட்டி மேய்க்கிறவர் மேடை ஓரத்து ஆர்மோனியக்காரர். பின்பாட்டு அவர், மறந்தவருக்கு அடியெடுத்துக் கொடுப்பவர் அவர், பபூன் வம்புக்கிழுத்தால் பெட்டியிலேயே பதில் சொல்பவரும் அவர்தான். தாள் எதுவும் இல்லாமல், கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டு அந்த நிமிஷத்துக்கு வாசிப்பது டாங்கோக்காரர்களிடமும் உண்டு. ஆனால் பபூன் தொல்லை அவர்களுக்கு இல்லை.

ராஜபாளையத்தில் ரயிலேறித் தென்காசியைத் தாண்டினால் செங்கோட்டை. அந்த ஊர் எஸ்.ஜி. கிட்டப்பா மேடையில் எடுத்த உச்சஸ்தாயிக்கு, பெட்டியோடு துரத்திக்கொண்டு போனவர் அண்ணன் காசி ஐயர். 1933 டிசம்பரில், 27 வயதில், கிட்டப்பா போய்ச் சேர்ந்தார். அடுத்த ஒன்றரை வருஷத்தில் டாங்கோவின் கிட்டப்பாவான கார்லோஸ் கார்தெல் கொலம்பியாவில் மெதெயீன் விமான நிலையத்து விபத்தில் போனார். அவர் பிறந்தது பிரான்ஸிலா உருகுவேயிலா என்று சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. எங்கள் ஆள் விஷயத்தில் அந்த வழக்கெல்லாம் இல்லை. கொஞ்சம் சிரமம் மிச்சம்.

இரண்டு பெட்டிகளையும் பெரிய மனிதர்கள் விரட்டாமல் இல்லை. 1913-ல் ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம், சீருடை போட்ட அதிகாரி டாங்கோ ஆடக்கூடாது என்றார். அடுத்த வருஷம் பெல்ஜியத்துக்குள் படையனுப்பினார். அது ஆகும் போலிருக்கிறது. பாரிஸ் ஆர்ச்பிஷப் ஆமெத் கண்டனம் விட்டார். அர்ஜென்டினாவின் பாரிஸ் தூதர் லாரேத்தாவே, அது எங்கள் ஊரில் கெட்ட வீட்டுச் சமாசாரம் என்று மூக்கைப் பொத்தினார். பாரிஸ் யார் பேச்சையும் கேட்கவில்லை, ஆடித் தீர்த்தது. பாரிஸ் ஆடிய பிறகு புவனோஸ் ஐரிஸ் சீமான்களுக்கும் திடீரென்று கலைக்கண் திறந்துகொண்டது.

இங்கே கதை வேறு. சிவகாசிக்காரர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே வெள்ளைக்காரனைப் பாட்டில் வாரிவிடுவார். போலீஸும் டிக்கெட் எடுக்காமல் வந்து உட்காரும். வேஷத்தோடு முருகனைக் கைது செய்வதா, கலைக்கச் சொல்லிக் கைது செய்வதா என்பதை எந்தப் போலீஸ் சட்டம் சொல்லும்? 1940 கடைசி ராத்திரி, சென்னையில், மயில் மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் போனது. அதே 1940-ல்தான் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தள்ளி வைத்தது. கமகம் வராத பெட்டி, சுருதியும் சீமைச் சுருதி என்பது குற்றச்சாட்டு. தாகூரே அதை வானொலியிலிருந்து ஒழிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். தடை தளரவே 1971 ஆனது. பொங்கல் கொட்டகையில் இந்தத் தடை வந்ததே யாருக்கும் தெரியாது. அங்கே வானொலி ஏது?

பாண்டோனியன் ஊர் ஊராகச் சம்பந்தம் வைத்தது. ஜப்பானில் ஹயகாவா ஷின்பே ‘ஒர்க்கெஸ்தா தீபிகா தோக்கியோ’ என்று ஒரு குழுவே கட்டினார். அதன் பாடகி ஃபுஜிசவா ரான்கோ 1953-ல் புவனோஸ் ஐரிஸுக்கே போய் டாங்கோ பாடினார்; திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன துணிச்சல் அது. ஃபின்லாந்துக்காரர்கள் பாண்டோனியனை விட்டு அக்கார்டியனை எடுத்துக்கொண்டு, சோக ராகத்திலேயே டாங்கோவை ஊறவைத்து, 1985 முதல் செய்னயோகி ஊரில் அதற்கென்று திருவிழா நடத்துகிறார்கள். 2009-ல் யுனெஸ்கோவும் டாங்கோவுக்குப் பட்டயம் கொடுத்துவிட்டது.

நம் பெட்டி இலங்கை வரைக்கும் போய்வந்தது. ஆனால் அதை மெச்ச ஒரு பாரிஸ் கிடைக்கவில்லை. குறை அவ்வளவுதான், வித்தையில் ஒன்றும் இல்லை. ஆகவே அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊரில் நாடகம் வைத்தால், முருகனுக்கும் வள்ளிக்கும் போட்டது போக ஒரு துண்டை மிச்சம் பிடித்து ஆர்மோனியக்காரருக்கும் போர்த்துங்கள். சம்பளத்தையும் விடியும் முன்பே கொடுத்துவிடுங்கள்.