டப்பாவும் கூரையும்: கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் மென்மையாவது குறித்து ஓர் ஆராய்ச்சி

டிஃப்யூசர் என்பது, ஃபிளாஷின் தலையில் கவிழ்க்கப்படுவதும், வெள்ளை பிளாஸ்டிக்கால் ஆனதும், இரண்டு முகூர்த்தத்துக்குள் மஞ்சள் கறை ஏறுவதுமாகிய ஒரு மூடி.

இதற்கு உரை வருமாறு. ‘கவிழ்க்கப்படுவது’ என்றதனால் திருகாணி, பூட்டு முதலியன இதற்கு இல்லை என்பதும், மேடைப்படியில் இடித்தால் உருண்டு மணமேடைக்கு அடியில் போய்விடும் என்பதும் பெறப்படும். ‘வெள்ளை’ என்றது கடையில் வாங்கிய நாளின் நிறத்தை. மஞ்சள் கறைக்கு, அட்சதை தொட்ட கையாலேயே இதைக் கழற்றி மாட்டுவது காரணம் என்க. ‘மூடி’ என்றதனால் இது தொலையும் என்பது சொல்லாமலே அமையும். தொலைந்தவிடத்து டிஷ்யூ தாள், வெள்ளைக் கைக்குட்டை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கம் ஆகியவற்றைக் கொள்ளலாம். பத்திரிகையைக் கட்டுவோர் அச்சடித்த பக்கத்தை முன்னால் காட்டக் கூடாது. தங்க மையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டுவிடும்.

இனி, இம்மூடியின் பயன் யாது? “வெளிச்சத்த சாஃப்ட் ஆக்குதுங்க” என்பது தொழிலில் உள்ளவர்கள் தரும் விடை. இவர்களை டப்பாக் கட்சியினர் என்போம். விடை பாதி உண்மை. ஆராய்ச்சிக்கு அது போதும். மீதிப் பாதியில்தான் கட்டுரை எழுத வேண்டும்.

வெளிச்சம் கடினமா, மென்மையா என்பது, படத்தில் நிற்பவர் இடத்திலிருந்து பார்க்கையில் விளக்கு எத்தனை பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர். ஆனால் அது 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நமக்கு அரை பாகை அகலமே தெரிகிறது. சித்திரை வெயிலில் நிழல் கத்தரித்து வைத்ததுபோல் விழுவது அதனால்தான். ஃபிளாஷின் முகப்பு சுமார் 7 சென்டிமீட்டர். 8 மீட்டர் தள்ளி நின்றால் அதுவும் அதே அரை பாகை. ஆக, நாற்காலி வரிசைக்கு நடுவில் நின்றபடி மேடையை நோக்கி வெறும் ஃபிளாஷ் அடிப்பவர், நிழலின் கூர்மையைப் பொறுத்தவரை, சூரிய பகவானுக்குச் சமானமானவர். சம்பளத்தில் மட்டுமே வேறுபாடு.

அவரே மேடைக்கு நெருங்கி 3 மீட்டரில் நின்றால் ஒரு பாகையும் சொச்சமும் கிடைக்கும். டப்பாவைக் கவிழ்த்தால் விளக்கின் அகலம் 10 சென்டிமீட்டர் ஆகி, இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவாக வரும். லாபம் அரை பாகை. இதற்குக் கொடுக்கும் விலையோ பெரிது. கனத்த டப்பாவாக இருந்தால், முகத்துக்கு நேரே போவது முன்பு போனதில் கால்வாசியாகச் சுருங்கிவிடும். ஈடுகட்ட ஃபிளாஷை முழு வீச்சில் அடித்தால், நாலு பென்சில் செல்லும் மூச்சு வாங்கி மறுபடி தயாராகச் சில வினாடிகள் பிடிக்கும். அந்தச் சில வினாடிகளில் அத்தை பந்தியைப் பார்க்கத் திரும்பிவிடுகிறார்.

அற்றேல், டப்பா போட்ட படம் நன்றாக வருவது எங்ஙனம் எனின், கூறுதும். டப்பா வெளிச்சத்தை நாலாபுறமும் இறைக்கிறது. இறைத்தது கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வருகிறது. பளபளப்பில்லாத வெள்ளைப் பரப்பு தன்மேல் விழுந்ததை எல்லாத் திசைக்கும் பங்கிட்டுத் தருவதன் கணக்கை லாம்பெர்ட் 1760இல் ‘ஃபோட்டோமெட்ரியா’ என்னும் லத்தீன் நூலில் எழுதிவைத்தார், ஒரு கல்யாண மண்டபத்தையும் பார்க்காமலே. தலைக்கு 3 மீட்டர் மேலே 2 மீட்டர் அகலத்துக்குக் கூரை ஒளிர்ந்தால் அது 37 பாகை விளக்கு. ஆகவே முகத்தை மென்மையாக்குவது கூரை. டப்பா வெறும் தூது.

இதை உணர்ந்தவர்கள் கூரைக் கட்சியினர். டப்பாவைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி அடிப்பார்கள். இவர்கள் கொள்கை வலுவானது, கூரைதான் வலுவற்றது. நம் மண்டபங்களில் வெளிர்பச்சைக் கூரை உண்டு, ரோஸ் உண்டு, ஃபால்ஸ் சீலிங்கில் தங்க வண்ணப் பூவேலை உண்டு. கூரை என்ன நிறமோ முகமும் அந்த நிறம். சிவப்பும் மஞ்சளுமாகத் துணிப்பந்தல் கட்டிய வாசலில், வரவேற்கும் சித்தப்பா பாதி சிவந்தும் பாதி பழுத்தும் விழுவார். கூரை இரட்டை மாடி உயரம் என்றால் அதுவரை போய்த் திரும்பி வருவதற்குள் வெளிச்சம் தேய்ந்துவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசி. எனவே ஒரு கல்யாண ஆல்பத்தின் உண்மையான ஒளிப்பதிவாளர், மண்டபத்துக்குக் கடைசியாகப் பெயின்ட் அடித்தவரே என்பது இவ்வாராய்ச்சியின் துணிபு. அவருக்கும் தேங்காய்ப்பை தர வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புல்வெளி ரிசப்ஷன்களில் நிலைமை இன்னும் விநோதம். அங்கே கூரையே கிடையாது. ஆயினும் டப்பா கவிழ்ந்தபடியே இருக்கிறது. வெளிச்சத்தில் பெரும்பங்கு வானத்துக்கும், மீதியில் ஒரு பங்கு வங்காள விரிகுடாவுக்கும் போகிறது. பயனில்லை என்று தெரிந்தும் ஏன் கழற்றுவதில்லை? கேமராவோடு வந்திருக்கும் பெண் வீட்டுத் தம்பி ஒருவரிடமிருந்து, காசு வாங்கும் போட்டோகிராபரைப் பிரித்துக் காட்டும் ஒரே அடையாளம் அந்த மேடையில் அதுதான்.

புகையையும் ஒரு வரி கவனிக்க வேண்டும். 1887இல் ஜெர்மனியில் மீதேயும் கேடிக்கேயும் கண்ட மக்னீசியப் பொடி ஃபிளாஷ், வெளிச்சத்தோடு வெள்ளைப் புகையையும் கக்கியது. இங்கே பொடி போயிற்று, புகை போகவில்லை; ஹோம குண்டம் இருக்கிறது. வெறும் ஃபிளாஷை நேரே அடித்தால் முன்னால் நிற்கும் புகை வெளுத்து, சாஸ்திரிகள் மறைவார்.

இதுவரை சொன்னதெல்லாம் மென்மை நல்லது என்ற எடுகோளின் மேல் நின்றது. அந்த எடுகோளை உடைத்தவர் ஒரு பாட்டி. ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, “மூஞ்சி நல்லாருக்கு தம்பி. பட்டு பளபளன்னு இல்லையே?” என்றார். ஆய்வாளர் எவரும் எழுப்பாத மறுப்பு இது, நியாயமானதும்கூட. ஜரிகையும் வைரமும் விளக்கின் உருவத்தையே திருப்பிக் காட்டுபவை. விளக்கு சிறு புள்ளியாக இருந்தால் மூக்குத்தியில் கூர்மையாக ஒரு பொறி தெறிக்கும். விளக்கு கூரை அளவுக்கு விரிந்தால் அந்தப் பொறி மங்கி வெறும் வெளுப்பாகிவிடும். நகைக்கடைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே சின்னச் சின்ன ஸ்பாட் லைட்டுகளாகத் தொங்கவிடுவது இதை அறிந்துதான். ஆனால் அதே சிறு புள்ளி, மாமாவின் வழுக்கையிலும், வியர்த்த நெற்றியிலும், மணமகள் மூக்கு நுனியிலும் அதே நேர்மையோடு பொறி தெறிக்கவிடும். வைரம் வேறு, வழுக்கை வேறு என்று ஃபிளாஷுக்குத் தெரியாது.

ஆக இது இரு வீட்டார் வழக்கு. முகத்தை முன்னிட்டு மென்மை கேட்போர் ஒருபுறம். புடவைக்கும் நகைக்கும் ரூபாய் எண்ணிக் கொடுத்து, அது படத்தில் தெரிய வேண்டும் என்போர் மறுபுறம். பணம் கொடுத்தவர் பக்கமே என் தீர்ப்பு சாய்கிறது. சமரசமும் உண்டு. பெரும்பங்கைக் கூரைக்கு அனுப்பிவிட்டு, ஃபிளாஷின் பின்னால் ஒரு சிறு வெள்ளை அட்டையை நிறுத்தினால், கொஞ்சம் வெளிச்சம் நேரே முன்னால் வந்து கண்ணிலும் மூக்குத்தியிலும் ஒரு பொட்டு வைக்கும். பல ஃபிளாஷ்களில் இந்த அட்டை தலைக்குள்ளேயே மடங்கிக் கிடக்கிறது. அதை இழுத்து விடுவோர் அரியர்.

நடைமுறையில் செய்யத்தக்கது ஒன்றே. மண்டபம் பதியப் போகிறவர்கள் ஏ.சி., ஜெனரேட்டர், பார்க்கிங், பந்திக்கு எத்தனை இலை என்றெல்லாம் கேட்கிறார்கள். கூரைக்கு என்ன பெயின்ட் என்றும் கேட்க வேண்டும். ஒரு மண்டபத்து மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மேல ஃபேன் இருக்கு சார்,” என்றார். “பன்னெண்டு ஃபேன். எல்லாம் ஓடுது.”