பல்லைக் கேளுங்கள்!

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பாலில் ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதுகின்றனவே, அந்த அடியை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: அடி வாங்கும் தலையிடமே கேட்டுவிடுகிறார்கள்! 2003-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் தன் வீரர்களின் ஹெல்மெட்டுக்குள் 6 முடுக்கமானிகளை, அதாவது முடுக்கத்தை அளக்கும் சென்சார்களை, பொருத்தியது. ஒவ்வொன்றும் ஸ்பிரிங் பலத்தில் தலையோடு ஒட்டியிருக்கும். ஹெல்மெட்டின் ஓடு அதிர்வதை விட்டுவிட்டு மண்டை அதிர்வதைக் குறித்துக்கொள்ளும். கணக்கு உடனே ரேடியோ வழியாக மைதான ஓரத்துக்கு வந்துவிடும். புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 100 மடங்கை ஒட்டிய அடிகளில் மூளை அதிர்ச்சி பதிவாகியிருக்கிறது. அதே அளவு அடி வாங்கி எழுந்து ஓடியவர்களும் உண்டு. அதனால் எண் என்ன சொன்னாலும், தலை சுற்றுகிறது என்று வீரன் சொன்னால் அவனை வெளியே உட்காரவைத்தே ஆகவேண்டும். இன்னொரு சிக்கல்: தலையில் ஹெல்மெட் நழுவும், மேல்வரிசைப் பல் நழுவாது. எனவே இப்போது சென்சார், வீரர்கள் வாயில் மாட்டும் பல்காப்புக்குள் குடியேறிவிட்டது!