மோர்சாத ராமாயணம்

1987இல் சித்தூரில் எங்கள் பக்கத்துக்கு ஒரே டிவி. அது எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஜனவரி 25ஆம் தேதி தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு எங்களுடையதாக இல்லை. ஒன்பதரைக்குள் கூடத்தில் பாய் தெரியாத அளவுக்குத் தலைகள். ஆன்டெனாவைத் திருப்புவது என் வேலை. மாடியிலிருந்து “இப்ப வருதா?” என்பேன். “வருது, வருது... போச்சு!” என்று கீழேயிருந்து பத்துக் குரல்கள் வரும்.

ஒரே சிக்கல், ராமராக நடித்த அருண் கோவிலுக்கு இந்திதான் தெரியும். எங்களுக்குத் தமிழ், பக்கத்து வீட்டாருக்குத் தெலுங்கு. “ஏமன்டுன்னாடு?” என்று அவர்கள் கேட்பதற்குள் பெரியம்மா இரண்டு மொழியிலும் சொல்லி முடித்திருப்பாள். ராமர் காட்டுக்குக் கிளம்பிய வாரம் கௌசல்யா வாயைத் திறந்ததும் பெரியம்மா சொன்னாள்: “காட்டுல உனக்கு யாருடா மோர்சாதம் பிசைஞ்சு தருவாங்கன்னு கேக்குறா.” கூடமே அழுதது. நானும்தான்.

யுத்தம் வந்தது. இந்தப் பக்கத்து அம்பும் அந்தப் பக்கத்து அம்பும் நடுவானில் முட்டப்போகும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். முட்டியதா இல்லையா என்று ஒரு வாரம் பேசுவோம்.

2020 மார்ச் 28ஆம் தேதி அதே தொடர் திரும்ப வந்தது. கொரோனா ஊரடங்கு. திருமலையிலேயே 20ஆம் தேதி முதல் பக்தர்களுக்குத் தரிசனம் இல்லை. ராமர் மட்டும் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் வீடு தேடி வந்தார். அந்த ஜனவரியில்தான் ராதிகாவின் பழைய தொடர் ‘சித்தி’யும் ‘சித்தி 2’ ஆகப் புதுக் கதையோடு வந்திருந்தாள். ராமாயணத்துக்கு அந்தச் சிரமம் இல்லை. பழைய அம்பே போதும். ஏப்ரல் 16 ஒளிபரப்பை மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. அதில் எங்கள் கூடத்துக் கணக்கு இரண்டு பேர், நானும் என் மனைவியும். அந்தக் காலத்தில் இடம் பிடிக்கச் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரர் மாஸ்க்கோடு கேட்டுக்கு வெளியே நின்று, “வருதா?” என்று மட்டும் கேட்டார். படம் பளிச்சென்று வந்தது. மாடிக்குப் போக வேலையில்லை.

இடையில் நாக்பூரில் இருபது வருஷம் வேலை பார்த்ததில் எனக்கு இந்தி வந்துவிட்டிருந்தது. கௌசல்யா காட்சிக்குக் கைக்குட்டையோடு உட்கார்ந்தேன். அவள் தர்மம் பேசினாள், ஆசி கூறினாள். மோர்சாதம் மட்டும் வரவேயில்லை. கண்ணில் ஒரு சொட்டும் வரவில்லை.

திருப்பதியில் மகன் வீட்டில் அடைந்து கிடந்த பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். “பெரியம்மா, கௌசல்யா மோர்சாதத்தைப் பத்திப் பேசவே இல்லையே?”

“பிள்ளை காட்டுக்குப் போறான், பெத்தவ அதைக் கேக்காம இருப்பாளாடா?” என்றாள். “உனக்குத்தான் இந்தி சரியா வரலை.”