மில்லிவினாடிக் கணக்குப்பிள்ளை

தட்டையான திரைக்கென்று எழுதப்பட்ட சாதாரண வீடியோ கேம்களை, கண்களை முழுவதுமாக மூடிக்கொள்ளும் மெய்நிகர் ஹெட்செட்டுக்குள் ஓடவைக்கும் கலையில் ஈடுபட்டிருப்போருள், கேமைக் காசு கொடுத்து வாங்கி, நிறுவி, இயக்கி, நாள்தோறும் அதற்குள் நுழைந்து வெளியேறி, ஆனால் ஒருபோதும் அதை விளையாடாத ஓர் இனத்தார் உளர். உலகெங்கும் பரவியுள்ள இவ்வினத்தாரை மில்லிவினாடிக் கணக்குப்பிள்ளைகள் என்று அழைப்பது பொருந்தும். ஏனெனில், வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை வரவு வைத்துச் செலவு எழுதுவதே இவர்களது முழுநேரத் தொழில். பேரேட்டில் எப்போதும் துண்டு விழும். துண்டு விழாத நாளில் கணக்குப்பிள்ளைக்குச் சோறு இறங்காது.

இந்தக் கணக்கின் அடிப்படை எளியது. திரையில் காணும் அசைவு, அடுத்தடுத்து வரையப்படும் நிலைப்படங்களின் வரிசையேயாகும். அவற்றுள் ஒவ்வொன்றும் ஃபிரேம் எனப்படும். மேசைத் திரையில் வினாடிக்கு 60 ஃபிரேம் கிடைத்தால் பெரும்பாலோர் நிறைவடைவர், 30 கிடைத்தாலும் முணுமுணுத்துக்கொண்டே ஆடிவிடுவர். ஹெட்செட்டிலோ தலை திரும்பும்போதே உலகமும் திரும்பியாக வேண்டும். சற்றுப் பிந்தினாலும் கண் சொல்லும் சேதியும் உள்காது சொல்லும் சேதியும் ஒத்துப்போகாமல் தலை சுற்றி வயிறு புரளும். ஆகவே, 2016-இல் விற்பனைக்கு வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்.டி.சி. வைவ் ஆகிய இரண்டும் வினாடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பிக்கும்படி அமைக்கப்பட்டன. ஆயிரத்தைத் தொண்ணூறால் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 11.1 மில்லிவினாடி, கணக்குப்பிள்ளையின் கைமுதல் அவ்வளவுதான்.

செலவுப் பக்கத்தைப் பார்த்தால் மலைப்பு ஏற்படும். 2023-இல் வந்த குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064-க்கு 2208 புள்ளிகள். இரு கண்களுக்கும் சேர்த்தால் ஏறத்தாழ 91 லட்சம். வழக்கமான 1920-க்கு 1080 திரையில் இருப்பவை 21 லட்சத்துக்கும் குறைவு. போதாததற்கு, கண்முன் உள்ள வில்லை (லென்ஸ்) வளைத்துக் காட்டுவதை முன்கூட்டியே எதிர்த்திசையில் வளைத்து நேராக்க வேண்டியிருப்பதால், ஹெட்செட்டுக்குள் இருக்கும் புள்ளிகளைவிடக் கூடுதலாகவே வரைந்தாக வேண்டும். மேசைத் திரையில் வினாடிக்கு 60 ஃபிரேமைத் தள்ளாடித் தள்ளாடித் தரும் ஒரு கேமைப் பிடித்து, நான்கு மடங்குக்கும் மேற்பட்ட புள்ளிகளை, ஒன்றரை மடங்கு வேகத்தில், இரு கண்களுக்கும் தனித்தனிக் கோணத்தில் வரையச் சொல்வதே இங்குச் சாதாரண விண்ணப்பமாகக் கருதப்படுகிறது.

இத்தகைய விண்ணப்பத்தை ஏற்கும் மென்பொருள்களும் இருப்பது கணக்குப்பிள்ளையின் நல்லூழ். 2013 முதல் விற்கப்பட்டுவரும் வோர்ப்எக்ஸ் என்பது பழைய கேம்கள் பலவற்றை ஹெட்செட்டுக்குள் கொண்டுவந்தது. 2024-இல் இலவசமாக வெளிவந்த யூ.ஈ.வி.ஆர். என்பது, அன்ரியல் எஞ்சின் என்னும் பொதுக் கட்டமைப்பின் நான்காம், ஐந்தாம் பதிப்புகளில் உருவான ஏராளமான கேம்களுக்கு ஒரே சாவியாக அமைந்தது. ஒரே ஃபிரேமில் இரு கண்களுக்கும் சேர்த்து வரைவது இதன் முதல் வழி. வேகம் மிகுந்த இவ்வழியில் சில கேம்களின் நிழலும் ஒளியும் ஒரு கண்ணில் மட்டும் காணாமற்போகும். ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்தி, ஒரு கண்ணுக்குப் பின் மறு கண்ணுக்கு வரைவது இரண்டாவது வழி. பெரும்பாலான கேம்கள் இதற்கு இணங்கினும் செலவு கூடும். கணத்தை நிறுத்தாமலே கண்களை மாற்றி மாற்றி வரைவது மூன்றாவது. இதில் ஓடும் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். மூன்றிலும் குறை உண்டு என்பதால் கணக்குப்பிள்ளைக்கு மூன்றும் உவப்பானவை.

அவரை அடையாளம் காண்பது கடினமன்று. ஹெட்செட் கண்ணில் இருப்பதைவிட நெற்றியில் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும் நேரமே மிகுதியாதலால், புருவத்துக்கு மேல் பட்டையின் அச்சு நிரந்தரமாகப் பதிந்திருக்கும். ஒரு கை விசைப்பலகையைத் தடவ, மறு கை கன்ட்ரோலரைப் பிடித்திருக்க, பாதிக் கண் திரையிலும் பாதிக் கண் வில்லையிலுமாக அவர் நிற்பார். கேமில் அவர் அறிந்த இடம் ஒன்றே: கதையின் தொடக்கத்தில் வரும், கூட்டமும் புகையும் விளக்குகளும் நிறைந்த சந்தைத் தெரு. கணினி அங்கேதான் மிகவும் திணறும் என்பதால், அங்கேயே சேமித்து, அங்கேயே எழுந்து, தலையை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஆட்டி அளந்துவிட்டு வெளியேறுவார். சந்தைக்கு அப்பால் அரண்மனை இருப்பதையோ, அங்கே கதாநாயகனின் தந்தை சிறைப்பட்டிருப்பதையோ அவர் அறியார்; கதாநாயகனின் பெயரைக் கேட்டால், கோப்புறையின் பெயரைச் சொல்வார்.

நோயறியும் முறையில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. படத்தின் தெளிவைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கையில் ஃபிரேம் எண்ணிக்கை தாவி ஏறினால், குற்றவாளி கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் நின்றால், வரைய வேண்டியவற்றைப் பட்டியலிட்டு அனுப்பும் மையச் செயலியே குற்றவாளி. இதை அவர் தூக்கத்திலும் சொல்வார். ஆயினும் தம் சொந்தக் கணினிக்கு அவர் இச்சோதனையைச் செய்வதில்லை. விடை கிடைத்துவிட்டால் வேலை தீர்ந்துவிடும் அல்லவா? மாறாக, விண்டோஸின் மின்திட்டத்தை மாற்றுவார், வரைவு வேலைகளின் வரிசையைக் கார்டிடமே ஒப்படைக்கும் வசதியை அணைப்பார், மறுநாள் அதையே எரியவிடுவார், ஒவ்வொரு முறையும் கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு, முன்னைவிடச் சற்று வழவழப்பாக இருப்பதாக உணர்வார்.

அவரது வாழ்க்கையின் பெருங்காதை, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் பற்றியது. ஒளியும் பொருள்களின் மேற்பரப்பும் எப்படித் தோன்ற வேண்டும் என்று கட்டளையிடும் சிறு நிரல்கள் ஷேடர்கள் எனப்படும். அன்ரியல் கேம்கள் பலவற்றில், ஒரு வெடிப்போ மந்திரமோ முதன்முறை தோன்றும்போது அதற்குரிய ஷேடரை அந்த நொடியிலேயே கார்டுக்கேற்பத் தொகுக்க நேர்வதால், உலகம் ஒரு கணம் விக்கி நிற்கும். தொகுத்தவை சேமித்துவைக்கப்படுவதால் மறுமுறை விக்கல் வராது. கணக்குப்பிள்ளையோ முதல் விக்கலிலேயே பதறி, கார்டின் டிரைவரைப் புதுப்பிப்பார்; புது டிரைவர் பழைய சேமிப்பைச் செல்லாததாக்கிவிடும்; எல்லா ஷேடர்களையும் மீண்டும் தொகுக்க நேர்வதால் விக்கல் பன்மடங்காகும்; உடனே, புது டிரைவர் சரியில்லை என்று முடிவுகட்டிப் பழையதற்குத் திரும்புவார்; சேமிப்பு மறுபடியும் போகும். ஒன்றும் செய்யாமல் ஆடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான விக்கல் தானே அடங்கும் என்னும் வைத்தியம், அவரது மருத்துவ நூலில் இடம்பெறவில்லை.

பிறர் மகிழ்வதையும் அவரால் தாங்க முடியாது. கேம் 90 ஃபிரேமை எட்டத் தவறும்போது அதை 45-க்கு இறக்கி, இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே ஒன்றை ஊகித்து வரைந்து நிரப்பும் உத்தியை ஆக்குலஸ் நிறுவனம் 2016-இலும் வால்வ் நிறுவனம் 2018-இலும் கொண்டுவந்தன. தலைசுற்றலைத் தவிர்க்கும் இவ்வுத்தியைக் கணக்குப்பிள்ளை கள்ளக்கணக்கு என்றே கருதுகிறார். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, “அடேயப்பா, உள்ளேயே போய்விட்டாற்போல இருக்கிறதே!” என்று வாய்பிளந்தால், “கையை வேகமாக வீசி, வாளின் ஓரத்தைப் பாருங்கள். பின்னால் சுவர் நெளிகிறதா?” என்று அருகில் நின்று கேட்பார். விருந்தாளி வீசிப் பார்ப்பார், நெளியும். அதன்பின் அவர் சந்தையையோ வானத்தையோ பார்ப்பதில்லை, நெளிவை மட்டுமே பார்ப்பார். சிறிது நேரத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டு, தமக்குத் தலை வலிப்பதாகச் சொல்லிக் காப்பி கேட்பார். இவ்வாறாக ஒரு மனிதர் தெளிவடைந்தார் என்ற நிறைவு வீட்டுக்காரரின் முகத்தில் தெரியும்.

கம்பியின்றி ஆட விரும்புவோர் கணினியை ரௌட்டருடன் கேபிளால் இணைத்து, ஹெட்செட்டை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விடுவது நலம் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் வீட்டில் மூன்றாவது ரௌட்டர் நடைபெறுகிறது என்பதோடு அதை விட்டுவிடலாம்.

வியப்பு என்னவெனில், ஊரார் ஹெட்செட்டுகளெல்லாம் அவர் சொற்படியே ஒழுங்காக ஓடுகின்றன. நிழலின் தரத்தை ஒரு படி இறக்குங்கள், தெளிவைச் சற்றுக் குறையுங்கள், கேமுக்குள் இருக்கும், ஃபிரேமைத் திரையோடு ஒத்திசைக்கும் வீ-சிங்க்கையும் ஃபிரேம் வரம்பையும் அணையுங்கள், 90-ஐ விட்டு 72-க்கு மாறினால் 11.1 என்பது 13.9 ஆகிவிடும், ஃபிரேம் நேரத்தைக் கோடாகக் காட்டும் வரைபடத்தை மூடிவிட்டு ஆடுங்கள் என்று நான்கு வரியில் அவர் தரும் மருந்து தவறியதே இல்லை. தமக்கென்று வரும்போது மட்டும் 72 மானக்கேடாகிவிடுகிறது. என்றேனும் தற்செயலாக எல்லாம் கூடிவந்து, வரைபடத்தின் பச்சைக் கோடு அசையாமல் நின்று, இரண்டு மில்லிவினாடி மிச்சம் விழுந்தால், அந்த மிச்சத்தை வீணாக்க மனமின்றி நிழல்களை உச்சத் தரத்துக்கு ஏற்றிவிடுவார். கோடு சிவக்கும், சந்தைத் தெரு திணறும், அவர் முகம் மலரும்.

எனவே, ஹெட்செட்டில் கேம் திக்கித் திணறும் எவரும் தயங்காமல் அவரிடம் யோசனை கேட்கலாம். யோசனையை எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது. நேரில் வந்து ஒரு பார்வை பார்க்கட்டுமா என்று அவர் கேட்டால் மட்டும், வீட்டில் மின்சாரம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.