திகதிக்காரர்

பலாங்கொடையைக் கடந்து செல்லும் கொழும்பு–மட்டக்களப்பு வீதியில், பம்பஹின்னைச் சந்திக்கு அருகே 1996இல் திறக்கப்பட்ட சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்க வரும் தோட்டத்துப் பிள்ளைகளிடையே, திகதிக்காரர் என்று அழைக்கத்தக்க ஒருவர் தப்பாமல் தோன்றுவார். எந்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பம் என்று முடிகிறது, எந்தக் கருத்தரங்கு ஆய்வுச் சுருக்கத்தை எத்தனை சொற்களில் கேட்கிறது, எந்த விரிவுரையாளர் விடுமுறையில் செல்வதால் எங்கே தற்காலிகப் பதவி வெற்றிடமாகிறது என்பனவெல்லாம் அறிவித்தல் பலகைக்கு முன்னரே இவருக்குத் தெரிந்துவிடும்.

இதனை வெறும் வம்பார்வம் என்று தள்ளுவது தவறு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறைகளுக்குத் தனி முகவரி இல்லாமையால், கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாரேனும் ஒருவர் கையில் இறங்கி வருவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. நேர்முகப் பரீட்சை முடிந்த பின்னர் அழைப்புக் கடிதம் கண்ட வீடுகள் அங்கே அரிதல்ல. அத்தகைய வீட்டில் வளர்ந்தவர் திகதியைத் தெய்வமாகக் கொள்வதில் வியப்பில்லை. விடியற்காலையில் தொழிலாளரை ஒன்றுகூட்டி அன்றைய வேலையைப் பங்கிடும் ‘பிரட்டு’ என்னும் வழக்கத்தின் தோரணையும் இவரிடம் உண்டு: விடுதி வாசலில் நின்று, ஒருவருக்கு ஃபுல்பிரைட், இன்னொருவருக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் என்று பெயர் சொல்லிப் பிரிப்பார். அவை பட்டம் பெற்றோருக்கு உரியவை என்று முதலாம் ஆண்டு மாணவி நினைவூட்டினால், “இப்பவே தெரிஞ்சு வச்சுக்க புள்ள” என்பதே விடை.

எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி தமது புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு 1992இல் நிறுவியதும், இலங்கையில் வாழ்வோர் ஆங்கிலத்தில் எழுதும் ஆக்கங்களுக்கு, அச்சேறாதவை உட்பட, வழங்கப்படுவதுமான கிரேஷியன் பரிசின் விதிகளை இவர் மனப்பாடமாக ஒப்பிப்பார். தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதவில்லையா என்று கேட்டுத் தயங்குவோரைத் தூண்டுவார். இவருடைய சொந்தக் கதையோ கொப்பியின் மூன்றாம் பக்கத்திலேயே நிற்கும். பிறருடைய திகதிகளெல்லாம் நாளையே முடிந்துவிடும். இவருடையது மட்டும் எப்போதும் அடுத்த ஆண்டுக்கு நீடிக்கப்பட்டிருக்கும்.

இவரால் மேற்படிப்புக்குச் சென்றோர் பலர். அவர்கள் அனுப்பும் நன்றிக் கடிதம் எப்படியும் தோட்டத்து அலுவலகத்தில்தான் தங்கும் என்பதால், அடுத்த விண்ணப்பப் படிவத்தை இவர் முன்னே வைத்து, கையொப்பம் விழும்வரை அவர்களுள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.