பல்லுக்குள் பாகப்பிரிவினை

சனிக்கிழமை ராத்திரி பல் கிளினிக்குக்குப் போன் பண்ணினால், எடுத்த பெண் கேட்கிறாள்: "எமர்ஜென்சியா சார், சாதாரண வலியா?"

அது தெரிந்தால் நான் ஏன் தாயே உனக்குப் போன் பண்ணுகிறேன்?

"வலிக்குதும்மா" என்றேன். "பத்துக்கு எவ்வளவு சார்?" பத்து என்றால் புளுகுகிறான் என்பாள். ஐந்து என்றால் வியாழக்கிழமைக்குத் தள்ளிவிடுவாள். "ஏழரை" என்றேன். கிழமையும் சனியா, சிரித்துவிட்டாள். "மண்டே பதினோரு மணிக்கு வாங்க சார்." எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே எந்தப் பல்வலிக்கு ராத்திரியே ஓட வேண்டும், எது திங்கட்கிழமை வரை தாங்கும் என்பதை இங்கே ஒரேயடியாகச் சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன் ஒரு பக்கமாக மெல்லுவதைப் பற்றி இரண்டு வார்த்தை.

வலப்பக்கக் கடைவாயில் சொத்தை விழுந்த அன்றே வாய்க்குள் பாகப்பிரிவினை ஆகிவிடுகிறது. பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது, ஆனால் எல்லைக்கல் எங்கே என்று நாக்குக்குத் தெரியும். வலப்பக்கத்துக்கு இட்லி, ரசம் சாதம், வாழைப்பழம். இடப்பக்கத்துக்கு முறுக்கு, தட்டை, நல்லி எலும்பு. காபி பொதுச்சொத்து என்பதால் அதில்தான் தகராறு. தலையை இடப்புறம் சாய்த்துக் குடிக்க வேண்டும். எதிரே இருப்பவர், தான் சொல்வதை நாம் உருகிக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். என் பழைய மேலதிகாரி ஒருவர் இப்படித்தான் தன் மாப்பிள்ளையின் கடன் கணக்கு முழுவதையும் என்னிடம் கொட்டினார். கல்யாணப் பந்தியில் பாயசத்து முந்திரி எல்லை தாண்டி வலப்பக்கம் நுழையும். அந்த நேரம் பார்த்துத்தான் பெண்ணின் அப்பா வந்து "சாப்பாடு எப்படி?" என்பார். கண்ணில் நீர் முட்டத் தலையாட்டுவோம். அவரும் நெகிழ்ந்துபோவார்.

வீட்டில் எல்லாருக்கும் எல்லார் எல்லையும் தெரியும். அதிரசம் வைக்கும்போதே அம்மா, "உனக்கு இந்தப் பக்கம்தானேடா?" என்று கேட்டுக்கொள்வாள். பல்லை ஏன் காட்டவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. அதற்கும் நியாயம் உண்டு. கேட்பவர் வாயிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது.

கொஞ்ச காலத்தில் இடப்பக்கமும் கூசும். ரெண்டு பங்கு வேலையை ஒரு பங்காளி எத்தனை நாள் பார்ப்பான்? பிறகு புறம்போக்கில் குடியேறுவோம், அதாவது முன்பல்லால் கொறிப்போம். முறுக்கை நொறுக்கித் தயிரில் ஊறவைத்துத் தின்று, அதற்கு ருசி கூடுதல் என்று மற்றவர்களிடமும் சொல்வோம். கொடுமை என்னவென்றால், தரிசாகப் போட்ட பக்கத்தில்தான் காரை அதிகம் கட்டுமாம்.

இதைச் சொன்னவள் என் அண்ணன் மகள். பல் மருத்துவம் முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். அந்த ராத்திரியே அவளுக்கும் போன் போட்டேன்.

"கன்னம், தாடைக்குக் கீழ வீங்கியிருக்கா சித்தப்பா? காய்ச்சல்? வாய் திறக்க முடியுதா? எச்சில் முழுங்க முடியுதா?"

வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை, வாய் தாராளமாகத் திறக்கிறது. கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. இதெல்லாம் இருந்தால் பல் கிளினிக்குக்கே வரக்கூடாதாம், நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். சீழ் தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் பரவினால் மூச்சே அடைத்துவிடும். லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் 1836இல் இதை எழுதிவைத்துவிட்டார். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியதே 1856இல். நமக்கு ரயில் வந்து சேர்ந்துவிட்டது, இந்தச் சேதி இன்னும் வரவில்லை.

அடிபட்டுப் பல் வேரோடு கழன்றால் அதுவும் அவசரம். வேரைத் தொடாமல் எடுத்து, தேய்க்காமல், அதே குழியில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு அரைமணிக்குள் டாக்டரிடம் போக வேண்டும். பால்பல் என்றால் மட்டும் திரும்ப வைக்கக்கூடாது. நாங்களெல்லாம் சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறிந்த தலைமுறை. எங்களிடம் போய்ப் பால் என்கிறாள்.

கிராம்பைப் பற்றி எழுதுவதாக இல்லை. அதைச் சிபாரிசு செய்யாத ஆள் தமிழ்நாட்டில் மிச்சமில்லை. அதிலுள்ள யூஜெனால் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும் என்பது உண்மை. டாக்டர்களே தற்காலிக அடைப்பில் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் ஆஸ்பிரினைப் பொடித்துப் பல்லில் அப்பச் சொன்ன கீழ்வீட்டுக்காரரை நான் மன்னிக்கப் போவதில்லை. பல் அப்படியே இருக்கும், ஈறுதான் வெந்துபோகும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று ஊரிலிருந்து போன் பண்ணிய பெரியம்மாவிடம், எனக்கு வலிப்பது கீழ்ப்பல் என்றேன். "அப்ப காது" என்றாள்.

அண்ணன் மகள் அடுத்துக் கேட்டாள்: "படுத்தாத்தான் ரொம்ப வலிக்குதா? சூடு பட்டா உயிர் போகுது, ஜில்லுத் தண்ணி வெச்சா சுகமா இருக்கா?"

இருக்கிறது. ராத்திரி முழுக்க ஐஸ் தண்ணீரும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பல்லுக்குள் நரம்பு இருக்கும் அறைக்குச் சுவர் கெட்டி, வீங்க இடமில்லை. படுத்தால் ரத்தம் தலைப்பக்கம் கூடி இன்னும் நெருக்குமாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் இதற்கு எட்டாது, ரூட் கெனால்தான்.

"திங்கட்கிழமை வரைக்கும் தாங்கும் சித்தப்பா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. வலி தானா நின்னுபோச்சுன்னா, சரியாயிடுச்சுன்னு வீட்ல உக்காந்துடாதீங்க. நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். சீழ் கட்டறதுக்குள்ள ஓடி வரணும்."

வலித்தால் திங்கட்கிழமை வா, வலிக்காவிட்டால் ஓடி வா. இதற்கு ஐந்து வருஷப் படிப்பு.

செத்தால் தீட்டு எத்தனை நாள் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.